கொதிநீரின் சுரம்

அத்தியாயம் 9

அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அரம் வைக்கும் தகர டப்பாவுக்கு அடியில், நாலாக மடித்து, எண்ணெய்த் துணிக்குள். காது டாக்டர் கொடுத்த காகிதம். நேராக ஆரம்பித்து, போகப் போக மாடிப்படி மாதிரி இறங்கிப் போகும் ஒரு கோடு. "கீழ்ச் சத்தமெல்லாம் நல்லாத்தான் கேக்குது. உச்சத்துச் சத்தம்தான் போயிட்டிருக்கு. போனது திரும்பாதும்மா" என்று அவர் சொன்னதும் உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அக்கா சொல்வதாகவும் இல்லை.

எந்த வாயால் சொல்வாள்? பித்தளையைத் தட்டுகிறவர்கள் ஊரில் பத்துப் பேர் இருக்கலாம். 'காதுக்காரி' என்று பேர் வாங்கியவள் அவள் ஒருத்திதான். அவள் பட்டறையில் செய்யும் சமையலறைச் சாமான்கள் பாடும். பாடும் என்றால் கச்சேரி வைக்காது. குழாயின் வாய்க்குள் ஒரு மெல்லிய பித்தளை நாக்கு இருக்கும். தண்ணீர் வரும்போது அது ஒரே ஒரு சுரம் பிடித்துவிட்டு அடங்கும், அவ்வளவுதான். குழாயின் கழுத்து ட்ரம்பெட் குழல் மாதிரி வளைந்திருக்கும். கைப்பிடி ட்ரம்பெட் கட்டை மாதிரி அமுங்கும். அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சும் கூண்டைக்கூட அவள் ஊதுகொம்பின் வாயாகத்தான் விரித்து வைத்திருந்தாள்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்றால், ட்ரம்பெட்டிலிருந்து வந்தது. அவள் முதலில் ஆசைப்பட்டது அந்த வாத்தியத்தின் மேல்தான், அதைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தவர்தான் மாப்பிள்ளை என்று தம்பி இன்றைக்கும் கிண்டல் செய்வான். ட்ரம்பெட்காரரும் அதை மறுத்ததில்லை.

போன வருஷம் அடுப்புத் திருகுக்கும் நாக்கு வைக்க ஆரம்பித்தாள். திருகைச் சரியாக மூடாமல் விட்டால் சீட்டி அடிக்கும். கேஸ் கசிந்தால் தெரிந்துவிடும். கல்யாணமாகி இரண்டு வருஷமான தம்பி, அதிலே ஒன்றைக் கேட்டு வாங்கித் தன் வீட்டிலேயே மாட்டிக்கொண்டான்.

இத்தனைக்கும் பட்டறையில் தண்ணீரின் வேகத்தை அளக்கும் கருவி உண்டு, கசிவு பார்க்கும் கருவி உண்டு. சுரம் பார்க்க மட்டும் எதுவும் கிடையாது. அது அவள் காதுதான். சுதி சேர்க்கும்போது உள்ளே ஈ காக்கா இருக்கக்கூடாது, கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே வந்து "சேர்ந்துடுச்சு" என்று ஒரு வார்த்தை சொல்வாள். அந்த வார்த்தை வராமல் தம்பி பெட்டியை ஆணி அடித்ததில்லை. வந்த பிறகு ஏன் எதற்கு என்று கேட்டதும் இல்லை.

ஐந்து நாளைக்கு முன்னால் பியானோக்காரம்மாவின் குழாய்களுக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாள்.

காலை ஏழு மணிக்கெல்லாம் பட்டறைக்கு இறங்கி வந்தாள். பெட்டியைத் திறந்து, ஒரே ஒரு தடவை சரிபார்த்துவிட வேண்டும். பொருத்துவதற்கு நாளைக்குத்தானே போகிறான், இன்றைக்கு ஒரு நாள் முழுசாக இருக்கிறது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லியபடிதான் வந்தாள்.

பெஞ்சின் மேல் பெட்டி இல்லை.

மூலையில் ட்ரம்பெட்காரர் காலைச் சாதகத்தில் இருந்தார். ஒரே சுரத்தை மூச்சு முட்டும்வரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இங்கிருந்த பெட்டி எங்க?"

அவர் வாத்தியத்தை இறக்கினார். "தம்பி ஆறரைக்கே தூக்கிட்டுப் போயிட்டான். அந்தம்மா நேத்து சாயங்காலம் போன் பண்ணி, நாளைக்கு வேணாம், இன்னைக்கே வாங்கன்னு ஒரே பிடிவாதமாம். ஏன், நீதான் சேர்ந்துடுச்சுன்னு சொல்லிட்டியே?"

"சொல்லிட்டேன்" என்றாள்.

பியானோக்காரம்மா பியானோக்களுக்குச் சுதி சேர்ப்பவர். பிறவியிலேயே கண் தெரியாது. தனியாக இருக்கிறார், தானே சமைக்கிறார். அவர் கேட்டது இரண்டு குழாய். ஒன்றில் பச்சைத்தண்ணீர். மற்றதில், அடியிலேயே இருக்கும் பாய்லரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர். பச்சைத்தண்ணீருக்குக் கீழ் 'ப', கொதிநீருக்கு உச்சத்து 'ச'. அதாவது கெட்டில் கூவுகிற மாதிரி மெல்லிசாக, மேலே.

"கொதிநீர் கைப்பிடியில ஒரு வெட்டு போட்டுடறேன்மா, கை வெச்சதும் தெரியும்" என்று அக்கா அப்போதே சொன்னாள்.

"எல்லாரும் என் விரலுக்குத்தான் வழி காட்டறாங்க. நீங்களாவது காதுக்கு வேலை குடுங்களேன். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும். எது எந்தப் பக்கம்னுகூட என்கிட்ட சொல்லாதீங்க. முதல் தடவை நானே திறந்து நானே கண்டுபிடிக்கறேன்" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அக்கா ஒத்துக்கொண்டாள்.

ஐந்து நாளைக்கு முன்னால் நடந்தது இதுதான். கொதிநீர் நாக்கை மாட்டித் தண்ணீர் விட்டாள். சுரம் வரவில்லை, வெறும் தண்ணீர்ச் சத்தம். நாக்கு இறுகிக் கிடக்கிறது என்று நினைத்து அடியில் அரம் போட்டாள். விட்டாள், வரவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ மணி மாதிரிச் சுரம் வந்தது. அப்பாடா என்று, வந்தது எந்தச் சுரம் என்று நின்று கேட்காமலே வெளியே வந்து சேர்ந்துடுச்சு என்றாள்.

நாக்கின் நுனியைத் தேய்த்தால் சுரம் ஏறும், அடியைத் தேய்த்தால் இறங்கும். இது அவளுக்குத் தெரியாததா? நேற்று டாக்டர் அந்தக் கோட்டைக் காட்டியபோதுதான் உறைத்தது. அந்த நாக்கு முதல் தடவையே சரியாகப் பாடியிருக்கிறது. அவளுக்குத்தான் கேட்கவில்லை. தன் காதுக்கு எட்டும்வரை அதை இழுத்துக் கீழே இறக்கியிருக்கிறாள்.

அப்படி இல்லாமலும் இருக்கலாம் இல்லையா? பயந்தவள் எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். பார்த்துவிட ஒரு வழி இருந்தது. எந்த நாக்குச் செய்தாலும் அதே அளவில் ஜோடியாக இன்னொன்று செய்து, அதே தேய்ப்புத் தேய்த்து, தீப்பெட்டிக்குள் போட்டு வைப்பது அவள் வழக்கம். இரண்டு தீப்பெட்டிகளைத் திறந்தாள். சோதனைக் குழாயில் ஒரு நாக்கை மாட்டினாள்.

"என்னங்க, ஒரு விளையாட்டு. இது என்ன சுரம், சொல்லுங்க பாப்போம்."

தண்ணீர் விட்டாள். ட்ரம்பெட்காரர் கண்ணை மூடித் திறந்தார். "கீழ் ப."

அது பச்சைத்தண்ணீர் நாக்கு. சரி. அடுத்ததை மாட்டினாள். தண்ணீர் விட்டாள். அவள் காதுக்கு இரண்டும் வேறு மாதிரிதான் கேட்டன. இல்லை, வேறு மாதிரி கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

"இதுவும் கீழ் 'ப'தான். என்ன காதுக்காரி, என்னை ஏமாத்தப் பாக்கறியா? ரெண்டும் ஒரே சுரம்டி." சிரித்துக்கொண்டே நாக்கைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சிரிப்பு நின்றது. "அடியில ஏன் இந்தத் தேய்ப்புத் தேச்சிருக்க? வெங்காயச் சருகு மாதிரி ஆயிடுச்சு. இது ரெண்டு மாசம் தாங்காது. ஒடிஞ்சு விழுந்துடும், அப்புறம் சத்தமே வராது."

"கைப்பழக்கத்துக்குச் செஞ்சதுங்க. மாட்டறதுக்கு இல்ல."

இருபது வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன பொய்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இது அதில் சேர்ந்தது. தலைவலி மாத்திரை வாங்கி வருகிறேன் என்று அடுத்ததையும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

டாக்ஸியில் ஏறியதிலிருந்து தம்பிக்குப் போன் அடித்தாள். வேலை செய்யும்போது போனை ஸ்பேனர் பைக்குள் போட்டுவிடுவான், அவன் குணம் தெரிந்ததுதான். பியானோக்காரம்மாவும் எடுக்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றது. நின்றது என்றால் அசையவே இல்லை.

அவளுக்குக் கண்ணில் ஒரே காட்சிதான் வந்து வந்து போனது. அந்தம்மா குழாயைத் திறக்கிறார். கீழ் 'ப' கேட்கிறது. சாதாரண ஆளாக இருந்தால் ஒரு நிமிஷம் யோசிப்பார்கள், ஆவி அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர் யோசிக்க மாட்டார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே விஷயம் சுரம். பச்சைத்தண்ணீர் என்று நினைத்து இரண்டு கையையும் நீட்டிவிடுவார். அந்தக் கை போனால் பியானோவும் போயிற்று, சோறும் போயிற்று.

ஒன்பதாவது தடவை தம்பி எடுத்தான்.

"என்ன அக்கா, இத்தனை மிஸ்டு கால்? வேலை முடிஞ்சுது. பாய்லர் போட்டாச்சு, பத்து நிமிஷத்துல கொதிச்சுடும். அம்மா கையைத் தேச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க, சின்னப் புள்ளை மாதிரி!"

"தம்பி, திறக்க வேணாம்னு சொல்லு."

"ஏன்?"

இந்த 'ஏன்' இருக்கிறதே, இதற்குப் பதில் ஒரே வாக்கியம். எனக்குக் காது கேட்கவில்லை, சுரம் தப்பு. சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அவளும் வாயைத் திறந்தாள். அவன் பக்கத்தில் அந்தம்மா நிற்கிறார், போனிலேயே எல்லாம் கேட்டுவிடுவார் என்று நினைத்தாள். காதுக்காரி என்ற பேர் ஒரே நிமிஷத்தில் போய்விடும் என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"நானும் பக்கத்துல இருந்து கேக்கணும்டா. அதான்."

"அட, இவ்வளவுதானா! என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். சரி வா, ஆனா சீக்கிரம் வா. நான் வீட்டுக்குப் போகணும். என் பொண்டாட்டிக்கு ஒரு வாரமா ஜலதோஷம், மூக்கு சுத்தமா வேலை செய்யல. நேத்துப் பால் கருகினதுகூடத் தெரியாம உக்காந்திருந்தா."

"திறக்க வேணாம்னு சொல்லுடா" என்றாள் மறுபடியும்.

"சொல்றேன், சொல்றேன்." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

நாலாவது மாடி. லிஃப்ட் ஆறாவதில் நின்றுகொண்டிருந்தது. காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியேறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அலறல் ஏதாவது கேட்கிறதா என்று நின்றாள். அலறல் உச்சத்தில் இருந்தால் தனக்குக் கேட்குமா என்ற நினைப்பு வந்ததும் அடுத்த படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

கதவு திறந்துதான் கிடந்தது. கூடத்தில் தம்பி முட்டி போட்டுச் சாமான்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். "வா அக்கா, அம்மா..." என்று ஏதோ ஆரம்பித்தான். அவள் அவனைத் தாண்டிச் சமையலறை வாசலுக்குப் போனாள்.

அவள் செய்த சாமான்தான், அவளே அசந்து போகும்படி இருந்தது. ஊதுகொம்புக் கூண்டுக்குக் கீழே இரண்டு குழாய்களும் கழுத்தை வளைத்துக்கொண்டு அக்கா தங்கை மாதிரி நின்றன. பியானோக்காரம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையைச் சாய்த்து, வலது குழாயின் கட்டையை அப்போதுதான் அமுக்கினார்.

குழாய் பாடியது. கனமாக, உருண்டையாக, கீழே.

"பச்சைத்தண்ணி!" என்று அவர் முகமெல்லாம் சிரித்தார். இடது கையை நீட்டினார். தொட்டிக்கு மேலே வெள்ளையாக ஆவி எழும்பியதைப் பார்த்தவள் அந்த வீட்டிலேயே அக்கா ஒருத்திதான்.

"கையை எடுங்க! அது கொதிக்குது!"

கத்தியபடியே பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் கை தப்பியது. இவளுடைய புறங்கையில் விழுந்தது தண்ணீர். முதலில் ஜில்லென்று இருந்தது, அடுத்த நொடி உயிர் போனது. மற்ற கையால் கட்டையை அமுக்கி மூடினாள். பியானோக்காரம்மா சுவரில் சாய்ந்து, தன் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

தம்பி ஓடி வந்தான். "என்ன ஆச்சு? அம்மா, நான்தான் அக்கா வரட்டும்னு சொன்னேனே!"

"அக்கா படியேறி வர்ற சத்தம் கேட்டுது தம்பி. அதான் வந்துட்டாங்களேன்னு..." அவர் மூச்சு வாங்கினார். "கீழ் ப கேட்டுது. சுத்தமான கீழ் ப. கொதிநீருக்கு உச்ச 'ச'ன்னுதானே சொன்னீங்க?"

அக்கா அப்போது ஒரு காரியம் செய்தாள். அவளை உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும், எனக்கும் பிடிக்கும். ஆனாலும் நடந்ததைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"தம்பி மாத்திப் பொருத்திட்டான் போலிருக்கு" என்றாள்.

தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை. "நானா?" என்று குனிந்து தன் கைகளைப் பார்த்தான். அவனுக்கு எல்லாச் சுரமும் ஒன்றுதான், களிமண் காது. ஆனால் அக்கா சொன்னால் சொன்னதுதான். "மாத்திட்டேன் போலிருக்கும்மா. மன்னிச்சுடுங்கம்மா. ரெண்டு தடவை பார்த்துத்தான் பொருத்தினேன், எப்படின்னே தெரியல. ஐயோ, உங்க கை..." அவன் குரல் உடைந்தது. அக்காவுக்குப் புறங்கை எரிந்ததைவிட அது அதிகமாக எரிந்தது.

பியானோக்காரம்மா சுவரைத் தடவிக்கொண்டே தொட்டிக்கு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முழங்கையால் இடது குழாயின் கட்டையை அமுக்கினார். அதுவும் பாடியது. நாலு சொட்டு விட்டு மூடினார்.

"இதுவும் கீழ் 'ப'தான். உங்க தம்பி எதையும் மாத்தலை" என்றார். பிறகு கேட்டார்: "இந்த ரெண்டுக்கும் சேர்ந்துடுச்சுன்னு சொன்னது யாரு?"



"பாய்லர் கொதிச்சதும் அடிக்கறதுக்கு ஒரு டைமர் வெச்சிருந்தேன். அலமாரி மேல இருக்கு. நீங்க வாசல்ல வந்தப்பவே கீச்சு கீச்சுன்னு அடிக்க ஆரம்பிச்சுது. இன்னும் அடிச்சுக்கிட்டிருக்கு. உங்களுக்குக் கேக்கலையாம்மா?"

அக்கா அலமாரியைப் பார்த்தாள். உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி ஒன்று, சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. தம்பி பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி பெட்டியைப் பார்த்தான். எழுந்து போய் அதை அணைத்தான். அணைத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை, விளக்கு நின்றதால்தான் தெரிந்தது.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் பியானோக்காரம்மா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"மூணு மாசமா ஒரு மாதிரிதான் இருந்துது. வேலைச் சத்தத்துல அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். நேத்துதான் டாக்டர் சொன்னார்." அழுகை வந்தது, அடக்கவில்லை. "தம்பி, நீ ஒண்ணும் தப்புப் பண்ணலடா. நான்தான். அடியைத் தேச்சுத் தேச்சு என் காதுக்குக் கேக்கறவரைக்கும் இறக்கிட்டேன். உன் மேல பழியும் போட்டுட்டேன்."

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ கணக்குப் போடுகிறவன் மாதிரி உதடு அசைந்தது.

"மூணு மாசமா?"

"ஆமாம்டா."

"எங்க வீட்டு அடுப்புத் திருகு நீ குடுத்தது ரெண்டு மாசம் முன்னாடி."

அக்காவுக்கு அழுகை அப்படியே நின்றது. அந்தத் திருகின் சீட்டியும் முதலில் கேட்கவில்லை. அதையும் அடியில்தான் தேய்த்தாள். அதற்கும் கதவைத் திறந்து வந்து சேர்ந்துடுச்சு என்றாள். வெங்காயச் சருகு, ரெண்டு மாசம் தாங்காது, ஒடிஞ்சு விழுந்துடும் என்று காலையில் ட்ரம்பெட்காரர் சொன்னது இப்போதுதான் முழுசாகக் கேட்டது.

"அது இந்த வாரம் சீட்டி அடிச்சுதாடா?"

"முந்தியெல்லாம் தினமும் ஒரு தடவையாவது அடிக்கும். அவ எப்பவும் அரைகுறையாத்தான் மூடுவா." தம்பி போனை எடுத்தான். "இப்ப நாலஞ்சு நாளா அடிக்கவே இல்ல. பொறுப்பு வந்துடுச்சு பாருன்னு அவளைக் கிண்டல்கூடப் பண்ணினேன்."

சொல்லும்போதே போனைக் காதில் வைத்துவிட்டான்.

"எடுத்தாளா?" என்றாள் அக்கா. அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

அவள் தன் போனை எடுத்தாள். தம்பி வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் இரண்டே தெரு. முதல் மணியிலேயே ட்ரம்பெட்காரர் எடுத்தார்.

"மாத்திரை கிடைச்சுதா?"

"என்னங்க, எனக்குக் காது போயிட்டிருக்கு. சீட்டிச் சத்தம் எதுவும் கேக்கறதில்ல. தம்பி வீட்டுத் திருகு ஊமையாயிருக்கும். அவ உள்ள தனியா இருக்கா, மூக்கும் வேலை செய்யல, போனும் எடுக்கல. ஓடுங்க. பெல் அடிக்காதீங்க, ஸ்விட்சைத் தொடாதீங்க, கதவைத் தட்டுங்க. தட்டித் திறக்கலன்னா உடைங்க."

அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ட்ரம்பெட் தரையில் விழுந்தது. பிறகு படியில் அவர் கால்கள் தடதடவென்று ஓடுவது கேட்டது. அந்தச் சத்தமெல்லாம் அவளுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும்.

தம்பி செருப்பைக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டிவிட்டான். காதில் போன் அப்படியே இருந்தது. பியானோக்காரம்மா அவன் போகும் திசையில் தலையைத் திருப்பி, சுவரைப் பிடித்தபடி நின்றார்.

"அம்மா, யாராவது எடுத்தாங்களா? உங்களுக்குக் கேக்குமே, சொல்லுங்களேன்" என்றாள் அக்கா.

பியானோக்காரம்மா அவளுடைய எரிந்த கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"மணி அடிச்சுக்கிட்டேதான் இருக்கு" என்றார்.